நாய் வளரும் தோட்டத்துக்கு மறைப்பு வேலி: குறைந்த செலவில் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஊருக்கு வெளியே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று இடம் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் காவலுக்கென்று முதலில் நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விடுகிறார்கள். வேலியைப் பற்றிய யோசனை அந்த நாய் வளர்ந்து சாலைக்கு ஓடிய பிறகுதான் வருகிறது. அவசரமாகக் காம்பவுண்ட் சுவருக்கு விலை கேட்டு, தொகையைக் கேட்டு மலைத்து, கடைசியில் இருக்கிற கம்பியில் பச்சை வலையைச் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். முதல் ஆடிக் காற்றிலேயே வலை கிழிகிறது, தூண் சாய்கிறது, நாய் மறுபடியும் சாலையில் நிற்கிறது.

நாயை நிறுத்துவது ஒரு வேலை. பார்வையை மறைப்பது வேறொரு வேலை. நாயை நிறுத்தும் வேலி, நாய் உலவும் இடத்தைச் சுற்றி முழுக்க வேண்டும். மறைப்பு அப்படியில்லை. அது தேவைப்படுவது எல்லையின் ஒரு பகுதியில் மட்டும்தான். இந்த இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட்டாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

படி 1: முதலில் நாயைக் கவனியுங்கள்

நாய் மூன்று வழிகளில் வெளியேறும்: தாவும், தோண்டும், சந்தில் நுழையும். உங்கள் நாய் எந்த வகை என்று தெரியாமல் வேலிப் பொருள் வாங்காதீர்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்குப் பழகிவந்த இனங்கள். கண்ணில் அசைவு பட்டால் போதும், பாய்ந்துவிடும். தூரத்தில் போகிற பைக்கும் அவற்றுக்கு முயல்தான். இவற்றுக்கு 6 அடி உயரம் வேண்டும். பெரிய உடம்புள்ள ராஜபாளையத்துக்கும் அதே உயரம் வையுங்கள். சாதாரண நாட்டு நாய்க்கும் லாப்ரடாருக்கும் பெரும்பாலும் 5 அடி போதும். குட்டிகளும் பொமரேனியன் போன்ற சிறு நாய்களும் உயரத்தை நம்புவதில்லை, சந்தைத்தான் தேடும்.

ஒரு வாரம் நாயைக் கவனித்தாலே எல்லாம் தெரிந்துவிடும். எல்லையோரம் எந்த இடத்தில் புல் தேய்ந்து தடம் விழுந்திருக்கிறது, எங்கே நின்று குரைக்கிறது, எங்கே மண்ணைக் கிளறுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் வேலித் திட்டம். கடுவனாக இருந்தால் கருத்தடை அறுவையைப் பற்றி கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். பெட்டை நாயைத் தேடி ஓடும் பழக்கம் அதனால் குறையும். அது வேலிச் செலவையும் குறைக்கும்.

படி 2: சுற்றளவைக் கணக்கிடுங்கள்

வேலிச் செலவு பரப்பளவைப் பொறுத்ததல்ல, சுற்றளவைப் பொறுத்தது. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளவாக்கில் கிடந்தால் சுற்றளவு 1,070 அடியைத் தாண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 25 சென்ட் சதுரத்தின் சுற்றளவு சுமார் 417 அடி, அதாவது ஏக்கர் சதுரத்தில் பாதி. வீட்டைச் சுற்றி 25 சென்டை மட்டும் நாய்க்கென நல்ல வேலி போட்டுப் பிரித்து, மீதி நிலத்துக்குச் சாதாரணக் கம்பி போதும் என்று முடிவெடுத்தால் நல்ல வேலியின் செலவு பாதியாகிவிடும். நாய்க்கு ஓடியாட 25 சென்ட் தாராளம். பலருக்கு இது மனசுக்கு ஒப்பாது. முழு நிலத்திலும் நாய் சுற்றவேண்டும் என்பார்கள். பணம் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் உறுதியான சிறிய வேலிதான் ஓட்டை விழுந்த பெரிய வேலியைவிட நாய்க்கு நல்லது.

தூண் நடுவதற்கு முன்பு புல வரைபடத்தை எடுத்துவைத்து, நில அளவையரைக் கொண்டு எல்லைக் கல்லை உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து நிலத்துக்காரரைக் கூடவே நிற்கச் சொல்லுங்கள். பொது எல்லையில் செலவைப் பங்கிட்டுக்கொள்ள அவர் சம்மதிக்கக்கூடும். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

படி 3: மறைப்பு எங்கே, எவ்வளவு உயரம்?

நடுத்தர நாயின் கண் தரையிலிருந்து 2 அடி, பெரிய நாயின் கண் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். சாலையில் போகிற ஆளையும் தெருநாயையும் அது அந்த உயரத்திலிருந்துதான் பார்க்கிறது. ஆகவே குரைப்பைக் குறைப்பதற்கு வேலியின் அடிப்பகுதியில் 3 முதல் 4 அடி வரை மறைத்தாலே பெரும்பாலும் போதும். சாலை மேடாக இருந்து தோட்டம் பள்ளமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே நாய் மேல்நோக்கிப் பார்ப்பதால் உயர்த்திக் கட்டவேண்டியிருக்கும்.

மனிதப் பார்வையை மறைக்க 6 அடி வேண்டும். அது எங்கே வேண்டும் என்று யோசியுங்கள். வாசல், கிணற்றடி, துணி காயும் இடம், திண்ணை ஆகியவை சாலையிலிருந்து தெரியும் பகுதிக்கு மட்டும்தான். தென்னந்தோப்புக்குப் பின்னால் இருக்கிற எல்லையை யாருக்காக மறைக்கிறோம்?

மறைப்பால் குரைப்பு அடியோடு நிற்காது. நாய்க்கு மூக்கும் காதும் இருக்கின்றன. ஆனாலும் வேலியோரம் தெருநாயோடு மூக்கும் மூக்கும் உரச நின்று சண்டை போடுவது குறையும். வெறிநாய்க்கடி அபாயத்தை நினைத்துப் பார்த்தால் அதுவே பெரிய லாபம். கம்பிச் சந்து வழியாகவும் கடி விழும். வேலி இருக்கிறது என்று வருடாந்திரத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

படி 4: அடிப்படை வேலி

செலவுக்கும் உறுதிக்கும் பொருத்தமானது கல்தூண் அல்லது சிமென்ட் தூண் நட்டு, டைமண்ட் வேலி என்று சொல்லும் செயின் லிங்க் கம்பி வலை கட்டுவதுதான். முள்கம்பி மலிவாகக் கிடைக்கும். நாய் உள்ள இடத்துக்கு அது வேண்டவே வேண்டாம். இரண்டு வரிசைக்கு நடுவே நாய் நுழைந்துவிடும், நுழையும்போது முதுகுத் தோல் கிழியும்.

வலை வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது கம்பியின் கேஜ். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் கம்பி ஏறக்குறைய 3.25 மில்லிமீட்டர் தடிமன், 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் எடையில் 10 கேஜ் ஒன்றரை மடங்கு. சதுர அடிக்கு விலை சொல்லி மெல்லிய கம்பியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. கேஜைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நடுத்தர நாய்க்கு 12 கேஜ் தாங்கும். பெரிய நாய்க்கு 10 வாங்குங்கள். இரண்டாவது வலைக்கண்ணின் அளவு. 4 அங்குலக் கண் விலை குறைவு, ஆனால் குட்டியின் தலை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். 2 அங்குலம்தான் நல்லது. கால் வைத்து ஏறுவதும் அதில் கடினம்.

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. வலையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் கம்பி நுனியை இரண்டு விதமாக முடிப்பார்கள். ஒன்றில் நுனியை மடித்து வளைத்திருப்பார்கள்; மற்றொன்றில் முறுக்கிக் கூராக விட்டிருப்பார்கள். தாவுகிற நாய் முன்னங்கால்களை வைப்பது மேல்விளிம்பில்தான். விரலிடுக்கில் கூர்நுனி ஏறினால் சதை பிய்ந்துவிடும். தோண்டுகிற நாயின் மூக்கு படுவது கீழ்விளிம்பில். ஆகவே இரண்டு விளிம்பும் மடித்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

தூண் 10 அடிக்கு ஒன்று போதும். மறைப்பு கட்டும் பகுதியில் 8 அடிக்கு ஒன்று வையுங்கள். சதுர ஏக்கருக்கு 10 அடி இடைவெளியில் சுமார் 84 தூண், 8 அடி இடைவெளியில் 105 தூண் ஆகும். எல்லா இடத்திலும் நெருக்கி நடுவது எவ்வளவு வீண்செலவு என்பது இதிலேயே தெரியும். 5 அடி வேலிக்கு 7 அடித் தூண், 6 அடி வேலிக்கு 8 அடித் தூண் என வாங்கி 2 அடி மண்ணுக்குள் இறக்குங்கள். கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் இளகும். அங்கே இன்னும் அரை அடி நீளமான தூண் வாங்கி, இரண்டரை அடி இறக்கி அடியில் கான்கிரீட் போடாவிட்டால் தூண் சாய்ந்துவிடும். மூலைத் தூண்களுக்கு இருபுறமும் முட்டுக்கால் கொடுங்கள். வலையைத் தொங்கவிட்டுக் கட்டாமல் மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசை இழுவைக் கம்பி கட்டி அதில் இழுத்துப் பிணைக்கச் சொல்லுங்கள்.

படி 5: மறைப்புக்கு என்ன கட்டலாம்?

பச்சை நிழல்வலை விலை குறைவு, கட்டுவது சுலபம். 90 சதவீத நிழல் வலை நன்றாக மறைக்கும். ஆனால் காற்றைப் பாய்மரம் போல வாங்கிக்கொள்ளும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைப் பக்கம், தென்காசி, கம்பம், ஆரல்வாய்மொழி போன்ற காற்றடிக்கும் ஊர்களில் 75 சதவீத வலை எடுத்து, அடிப்பக்கம் 4 அடி மட்டும் கட்டுங்கள். வலையின் விளிம்பை இரண்டாக மடித்து அதன் வழியே பிணையுங்கள். ஒற்றையாகக் கட்டினால் கட்டிய இடத்திலேயே கிழியும். நாய் கடிக்காமல் இருக்க வலையைக் கம்பிக்கு வெளிப்புறம் கட்டவேண்டும்.

தென்னங்கீற்றுத் தட்டி கண்ணுக்குக் குளிர்ச்சி, தோப்பு உள்ளவர்களுக்குச் செலவே இல்லை. கரையான் ஏறும், தீப்பிடிக்கும், அடிக்கடி மாற்றவேண்டும். யாழ்ப்பாணத்தில் கதியால் எனும் வேர்பிடிக்கும் கம்பை நட்டு, அதில் கிடுகு எனும் பின்னிய தென்னோலையைக் கட்டி வீட்டையே மறைத்துவிடுவார்கள். பூவரசும் கிளுவையும் கதியாலாக வேர்பிடித்துவிட்டால் தூண் செலவும் மிச்சம். ஆள் பலமும் ஓலையும் கிடைக்கிற இடத்தில் அதைவிட மலிவான மறைப்பு வேலி எனக்குத் தெரிந்து இல்லை. நாய் உள்ள வீட்டில் கிடுகுக்கு உட்புறம் கம்பி வலை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான்.

தகர ஷீட் நன்றாக மறைக்கும். வெயிலில் கொதிக்கும், அடிவிளிம்பு காலை அறுக்கும். பழைய ஃபிளெக்ஸ் பேனர் வெயிலில் நொறுங்கும், காற்றில் படபடத்து நாயை ஓயாமல் பதறவைக்கும். வயலில் கட்டுவது போலப் பழைய சேலை கட்டுவது ஓரிரு மாதத்துக்கு மட்டுமே. மீன்பிடி வலை, பறவை வலை இரண்டும் கூடாது. நாயின் காலும் பாம்பும் அதில் சிக்கும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தொடவே வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ப்ரீகாஸ்ட் எனப்படும் பலகைச் சுவர், செங்கல் சுவரைவிடச் சீக்கிரம் முடியும். அதை எல்லை முழுக்கப் போடாமல் சாலைப் பக்கம் மட்டும் போடுவது நல்ல முதலீடு.

படி 6: அடிப்பகுதியை அடைத்துவிடுங்கள்

6 அடி வேலி போட்டுவிட்டு அடியில் அரை அடி சந்து விடுகிறவர்கள் ஏராளம். தோண்டும் நாய்க்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. ஒன்றரை அடி அகல வலைத்துண்டை வேலியின் அடியோடு பிணைத்து, தோட்டத்தின் உட்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும். அங்கே கம்பி தட்டுப்பட்டால் நிறுத்திவிடும். எல்லை முழுக்க இதைச் செய்ய முடியாவிட்டால், முதல் படியில் நீங்கள் குறித்த இடங்களில் மட்டுமாவது செய்யுங்கள்.

மழைநீர் வெளியேறும் பள்ளத்தை மண்போட்டு அடைக்காதீர்கள், வெள்ளம் வேலியையே சாய்த்துவிடும். அங்கே 2 அங்குல இடைவெளியில் இரும்புக் கம்பிகளை இறக்கிக் கட்டினால் தண்ணீர் போகும், நாய் போகாது. வேலியோரம் விறகு அடுக்கு, தண்ணீர்த்தொட்டி, மண்மேடு எதுவும் இருக்கக்கூடாது. நாய் அதில் ஏறித் தாவும்.

படி 7: கேட்

நாய் தப்புவது பெரும்பாலும் கேட் வழியாகத்தான். கேட்டுக்கும் தரைக்கும் நடுவே 2 அங்குலத்துக்கு மேல் சந்து வேண்டாம். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகட்டால் மூடச் சொல்லுங்கள். கம்பி கேட்டாக விட்டால் நாயின் குரைப்பு மொத்தமும் அங்கேயே வந்து குவியும். இடம் இருந்தால் உள்ளே ஒரு வண்டி முழுதாக நிற்கும் அளவு தள்ளி இரண்டாவதாக ஒரு படல் வையுங்கள். வண்டி நுழையும்போது இரண்டில் ஒன்று எப்போதும் மூடியிருக்கும்.

படி 8: உயிர்வேலியை இன்றே தொடங்குங்கள்

கம்பி வேலி போட்ட அதே பருவத்தில் அதன் வெளிப்புறம் செடியும் நடுங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருவது கிளுவை வேலிதான். கிளையை வெட்டி மழைக்கு முன் நட்டால் தழைக்கும், வறட்சியைத் தாங்கும். முள் இருப்பதால் அதைக் கம்பிக்கு வெளியேதான் நடவேண்டும். முள் வேண்டாம் என்றால் நொச்சி, ஆடாதொடை. இவ்விரண்டையும் ஆடு கடிக்காது. கம்பியில் கோவை, முடக்கத்தான் கொடிகளை ஏற்றலாம்.

அரளியை நடாதீர்கள். பூ அழகுதான், ஆனால் இலை முதல் வேர் வரை விஷம். மென்றால் நாயின் இதயத்தைத் தாக்கும். ஆமணக்கு, காட்டாமணக்கு விதைகளும் விஷம்தான். வேலியில் தானாகப் படரும் குன்றிமணிக் கொடியைக் கண்டதும் பிடுங்குங்கள். திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் எரிச்சலும் புண்ணும் உண்டாகும்.

படி 9: பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறதா?

அப்படியானால் வரிசை இதுதான்: முதலில் கேட்டும் சாலைப் பக்க வேலியும். அடுத்து வீட்டைச் சுற்றிய 25 சென்ட் வளையம். பிறகு அடிவலை. மறைப்பு அதற்குப் பின்னால். முழு எல்லை கடைசியில். தூணில் மிச்சம் பிடிக்காதீர்கள். வலையை மாற்றலாம், சாய்ந்த தூணை மாற்றுவது இரட்டைச் செலவு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும் என்பதால் துத்தநாகப் பூச்சு கனமாக உள்ள கம்பியைக் கேளுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

எவ்வளவு தொந்தரவு இருந்தாலும் வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். நாய் மட்டுமல்ல, இரவில் வேலியைத் தொடும் குழந்தையும் செத்துப்போகும்.

வேலை முடிந்ததும் ஆட்கள் போட்டுவிட்டுப் போன கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எல்லையை ஒருமுறை சுற்றி நடந்து வாருங்கள். அது மூக்கை நுழைத்துப் பார்க்கிற ஒவ்வொரு இடத்தையும் அன்றே அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவிழ்த்துவிடுங்கள்.