கெபாசிட்டி எங்கிருந்து வருது?

"குடி அவங்க ரத்தத்துலயே ஊறினது." எங்க வைத்திக்குப்பத்துல இதைக் கேட்காம வளர்ந்தவங்க குறைவு. அப்பா குடிச்சா பையனைக் காட்டிச் சொல்வாங்க. கொஞ்ச நாள்ல பையனும் நம்ப ஆரம்பிச்சிடுவான். இது எவ்வளவு உண்மை? பாதி உண்மை. சும்மா பேச்சுக்குச் சொல்லல, கணக்கே கிட்டத்தட்ட அப்படித்தான் வருது.

இரட்டையர்களை வச்சு பல நாடுகள்ல ஆய்வு பண்ணியிருக்காங்க. குடிநோய் வர்ற ரிஸ்க் ஆளுக்கு ஆள் மாறுதில்ல, அந்த வித்தியாசத்துல சுமார் 50% ஜீன்களால வருதுன்னு தெரிஞ்சது. "அப்பா குடிச்சா எனக்கு 50% சான்ஸ்"னு இதைப் படிக்கக் கூடாது, அது வேற கணக்கு. டென்மார்க்ல குட்வின் குழு 1973-ல வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே வேற வீட்டுக்குத் தத்துப் போன ஆண்கள்ல 18% பேருக்குக் குடிநோய் வந்துச்சு. மத்த தத்துப் பிள்ளைகள்ல 5%. அப்பா குடிக்கிறதைக் கண்ணால பார்க்காத பசங்களுக்கே ரிஸ்க் மூணு மடங்குக்கு மேல! ஆனா அதே ஆய்வுல மீதி 82% பேருக்கு வரவே இல்லை. நம்ம தெருவுல யாரும் அந்த 82-ஐப் பத்திப் பேசுறதில்ல.

எங்க வீட்டுலயே பார்க்கலாம். தாத்தா குடிச்சார், பெரியப்பா குடிக்கிறார், எங்க அப்பா தொட்டதில்ல. ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டுக்கட்டுல இருந்து வேற வேற சீட்டு விழுந்திருக்கு. விழுந்த சீட்டை வச்சு விளையாடின இடமும் வேற.

"குடி ஜீன்"னு ஒண்ணு தனியா கிடையாது. நூத்துக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போடுது. நல்லாப் புரிஞ்ச ஜீன்கள்ல ஒண்ணு ஏ.எல்.டி.எச்.2. உடம்புக்குள்ள போற ஆல்கஹால் முதல்ல அசிட்டால்டிஹைடுங்கிற விஷமா மாறும். அதை அசிட்டேட்டா மாத்துறதுதான் இந்த ஜீன் தயாரிக்கிற என்சைமோட வேலை. சீனா, ஜப்பான், கொரியாவுல மூணுல ஒருத்தருக்கு மேல இந்த என்சைம் ரொம்ப மெதுவா ஓடும். ரெண்டு வாய் குடிச்சாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அதனால அவங்களுக்குக் குடிநோய் வர்றது குறைவு. நம்ம ஊர்ல இந்த மாற்றம் ரொம்ப அபூர்வம், அந்தப் பிரேக் நமக்கு இல்லை. டைசல்ஃபிராம் மாத்திரை இதே பிரேக்கைத்தான் செயற்கையா போடுது. "அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து கொடுங்க"ன்னு வர்ற விளம்பரத்தை நம்பி யாரும் அதைக் கொடுத்துடாதீங்க. மாத்திரை உள்ள இருக்குன்னு தெரியாம ஒருத்தர் குடிச்சா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போ ஹாஸ்டல் விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கட்டுரை எழுதினதே இதுக்காகத்தான். ஃபைனல் இயர் ட்ரீட்ல ஒருத்தன் நாலு ரவுண்டுக்கு அப்புறமும் ஸ்டெடியா நிப்பான். "மச்சான் கெபாசிட்டி!"ன்னு எல்லாரும் கை தட்டுவோம். அமெரிக்காவுல மார்க் ஷுக்கிட்ங்கிற மனநல மருத்துவர், குடிநோய் உள்ள அப்பாக்களோட மகன்களை சுமார் 20 வயசுல கூப்பிட்டு, அளவா ஆல்கஹால் கொடுத்து, யாருக்கு எவ்வளவு ஏறுதுன்னு குறிச்சு வச்சார். 1994-ல முடிவு வந்துச்சு. போதை குறைவா ஏறினவங்கள்ல 56% பேர் அடுத்த பத்து வருஷத்துக்குள்ள குடிநோயாளி ஆனாங்க. சட்டுன்னு ஏறினவங்கள்ல 14% மட்டும்தான். 'போதும்'னு சொல்ற சிக்னல் லேட்டா வந்தா ஆள் அதிகமா குடிப்பான், அதிகமா குடிச்சா மூளை அதுக்குப் பழகிடும். வாந்தி எடுத்துட்டுப் படுத்துடுறானே, அவனைத்தான் நாம கலாய்க்கிறோம்.

இ.சி.இ. பசங்களுக்கு ஒரு துணுக்கு: ஒரே மாதிரி பீப் சத்தத்துக்கு நடுவுல வேற பீப் வந்தா, சுமார் 300 மில்லிசெகண்ட் கழிச்சு மூளையில பி300ங்கிற அலை எழும்பும். குடும்பத்துல குடிநோய் ரிஸ்க் கூடக் கூட இந்த அலையோட உயரம் குறையுதுன்னு பெங்களூரு நிம்ஹான்ஸ்ல 1995-லயே காட்டியிருக்காங்க.

மீதிப் பாதிக்கு வருவோம். ஜீன் சோர்ஸ் கோடுன்னா, எபிஜெனெடிக்ஸ் அதுல எந்த வரியை கமென்ட்-அவுட் பண்றதுங்கிற விஷயம். எழுத்து மாறாது, ஓடுறது மட்டும் மாறும். டி.என்.ஏ. மேல மெத்தில்ங்கிற சின்ன மூலக்கூறு ஒட்டினா அந்த ஜீன் பெரும்பாலும் அடங்கிடும். டி.என்.ஏ. சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் உருளை இறுகினாலும் அதேதான். சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழகத்துல சுபாஷ் பாண்டே குழு இதைத்தான் எலிகள்ல பார்த்தது. பதின்ம வயசுல ஆல்கஹால் கொடுத்த எலிகள் வளர்ந்தப்புறம் அதிகமா பயந்துச்சு, அதிகமா குடிச்சுது. மூளையோட அமிக்டலா பகுதியில 'ஆர்க்'ங்கிற ஜீன் இறுகிக் கிடந்துச்சு. 2022-ல கிரிஸ்பர் முறையில அந்த இறுக்கத்தைத் தளர்த்தினாங்க. பயமும் குறைஞ்சது, குடியும் குறைஞ்சது. மனுஷனுக்கு இது இன்னும் ரொம்ப தூரம். ஆனா குடி ஆரம்பிக்கிற வயசு ஏன் முக்கியம்னு இது சொல்லுது. புதுச்சேரியில சரக்கு வாங்க 18 வயசு போதும், பக்கத்துல தமிழ்நாட்டுல 21. விலையும் இங்க கம்மி.

சூழலோட பலம் தெரியணும்னா எய்ம்ஸ் நடத்தி 2019-ல வெளிவந்த தேசிய சர்வே போதும். குடிக்கிற ஆண்கள் 27.3%, பெண்கள் 1.6%. ஒரே வீடு, அதே அப்பாகிட்ட இருந்து வந்த ஜீன். இவ்வளவு வித்தியாசத்துக்கு ஜீனை மட்டும் கைகாட்ட முடியுமா? எங்க ஊர்ல கடலுக்குப் போயிட்டு வந்த உடம்பு வலிக்கு ஆம்பளைக்கு சாராயம்னு வழக்கம். கூடையைத் தலையில சுமந்து தெருத்தெருவா மீன் வித்த அத்தைக்கும் உடம்பு வலிச்சிருக்கும்.

வீட்டுல தினமும் குடிக்கிற யாராவது நிறுத்தணும்னு நினைச்சா, திடீர்னு நீங்களே நிறுத்த வைக்காதீங்க. கை நடுக்கத்துல ஆரம்பிச்சு வலிப்பு, மனக்குழப்பம் வரைக்கும் போகலாம், உயிரும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில மருந்தோட படிப்படியாத்தான் செய்யணும். நமக்கு கோரிமேடு ஜிப்மர்ல மனநலத் துறை இருக்கு. போன்ல பேசணும்னா 14446, காசு ஆகாது.