தள்ளிப்போடாதே, தங்கச்சி

லண்டன் ப்ளூம்ஸ்பரியில் இருக்கிற 'லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசின்' நடத்தும் 'கான்கார்ட்' ஆய்வு, எந்த நாட்டில் புற்றுநோய் வந்தவர்களில் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2018-ல் 'லான்செட்' இதழில் வந்த அதன் கணக்கைக் கேள். 2010 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 90, பிரிட்டனில் சுமார் 86, இந்தியாவில் 66. நோய் அதேதான். எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போனார்கள், சிகிச்சையை முழுசாக முடிக்க முடிந்ததா என்பதில்தான் பெரிய வித்தியாசம். ஊரில் காசும் தூரமும் வழிமறிக்கின்றன. ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் இருக்கிற நமக்கு என்.எச்.எஸ். கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியும் நம் பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு நாள் கடத்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

குளிக்கும்போது சோப்புக் கையால் மார்பு, அக்குள், மேலே காறை எலும்பு வரை தடவிப் பார். மாதவிடாய் முடிந்த பிறகு பார்ப்பது நல்லது. அதற்கு முன்னால் வருகிற வீக்கம் குழப்பும். கட்டியை மட்டும் தேடாதே. தோலில் குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, அதிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது, காம்பைச் சுற்றி ஆறாத சொறி, ஒரு பக்கம் மட்டும் வடிவம் மாறுவது, இவையும் காட்ட வேண்டியவைதான். "வலிக்கவில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதே. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

எதையாவது கண்டால் அன்றைக்கே ஜி.பி.க்குப் போன் போடு. ரிசெப்ஷனில் என்ன விஷயம் என்று கேட்பார்கள். அங்கேதான் பலரும் கூசிப்போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லி, தள்ளி ஒரு தேதியை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். "ப்ரெஸ்ட் லம்ப்" என்று நேராகச் சொல். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனையின்போது கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேண்டும் என்று புக் பண்ணும்போதே சொல்லிவிடு, அதற்குக் காசு இல்லை. மகனைக் கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்காதே. அவன் முன்னால் பாதி விஷயம் உன் தொண்டையிலேயே நின்றுவிடும்.

30 வயதுக்கு மேல் காரணம் தெரியாத கட்டி இருந்தால், புற்றுநோய் சந்தேகம் என்று அவசரமாக ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது ஜி.பி.க்கான வழிகாட்டல். வயது குறைவு என்று யாராவது திருப்பி அனுப்பினால், கட்டி போகாத வரை மறுபடி போய் நில். ஆஸ்பத்திரி க்ளினிக்கில் கையால் பார்ப்பார்கள். மமோகிராமோ அல்ட்ராசவுண்டோ எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் இவ்வளவும் முடிந்துவிடும். இங்கிலாந்தில் 28 நாளுக்குள் ஆமா, இல்லையா என்று சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு. அப்படி அனுப்பப்படுகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றுதான் வருகிறது. அதனால் பயந்துகொண்டு வீட்டில் உட்காராதே.

50 வயதிலிருந்து 71 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீனிங் கடிதம் வரும். முதல் கடிதம் வர 53 வயதுகூட ஆகலாம். இங்கிலாந்திலேயே லண்டனில்தான் போகிறவர்கள் குறைவு. வாடகை வீடு மாறியதும் புது விலாசத்தை ஜி.பி.யிடம் கொடு, இல்லாவிட்டால் கடிதம் பழைய வீட்டுக் கதவடியில் கிடக்கும். மமோகிராம் எடுப்பவர் பெண்தான். சில விநாடி அழுத்தும், அவ்வளவுதான். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ, அப்பா வழி அத்தைக்கோ இந்த நோய் வந்திருந்தால் 50 வரை காத்திராமல் இப்போதே ஜி.பி.யிடம் சொல்.

சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று. டமாக்ஸிஃபென் மாத்திரை பெரும்பாலும் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். உடம்பு காந்துகிறது, தூக்கமில்லை என்று நீயாக நிறுத்திவிடாதே. நர்ஸிடம் சொன்னால் அதற்கு வழி சொல்வார்கள். கஷாயம், மஞ்சள் மாத்திரை எது எடுத்தாலும் டாக்டருக்குத் தெரியட்டும். மருந்துக் கட்டண விலக்குக்கான எஃப்.பி.92ஏ படிவத்தை ஜி.பி. மூலம் கொடுத்தால் மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது.

அம்மாவுக்கு 71 தாண்டிவிட்டதா? இனிக் கடிதம் தானாக வராது. ஆனால் கேட்டால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்வார்கள். உங்கள் ஏரியா ஸ்கிரீனிங் சென்டருக்கு நீயே போன் பண்ணி நாள் வாங்கு, நீயே கூட்டிக்கொண்டு போ.