நம்ம நிலத்தை நம்ம கண்ணாலே பார்ப்போம்
இந்த மாதப் பாடம்: வரைபடம், பட்டா, வில்லங்கம்



போனஸ் சமயம் வந்தாலே நாட்றம்பள்ளி பக்கம் மனை நோட்டீஸ் பறக்க ஆரம்பித்துவிடும். "பெங்களூர் ரோட்டுக்கு ரொம்ப பக்கம், தவணையில் கட்டலாம், நாலே மனைதான் பாக்கி" என்று புரோக்கர் வீட்டுக்கே வந்து பேசுவார். தோல் கம்பெனியிலும் ஷூ கம்பெனியிலும் வருஷக்கணக்கில் நின்று சம்பாதித்த பணம், குழுவில் வாங்கிய கடன், அடகு வைத்த கம்மல், எல்லாம் சேர்ந்துதான் அந்த முன்பணம். கொடுத்த பிறகு "அது ஏரிப் புறம்போக்கும்மா" என்று யாராவது சொன்னால் நாம் யாரிடம் போய் அழுவது?

முன்பெல்லாம் ஒரு நிலத்தைப் பற்றி விசாரிக்க வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், பதிவு ஆபீஸ் என்று மூன்று இடம் அலைய வேண்டும். அதற்கு மூன்று நாள் சம்பளம் போய்விடும். அதனாலேயே பல பெண்கள் "வீட்டுக்காரர் பார்த்துக்குவார்" என்று விட்டுவிட்டார்கள். இன்று அந்த ஆவணங்களில் முக்கியமானவற்றை அரசாங்கமே இணையத்தில் வைத்திருக்கிறது. கையிலிருக்கும் போனிலேயே, காசில்லாமல் பார்க்கலாம். அதை எப்படிப் பார்ப்பது, பார்த்ததை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

இரண்டு துறை, இரண்டு கணக்கு

நம்ம குழுவில் தீர்மானப் புத்தகம் ஒன்று, பேங்க் பாஸ்புக் ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் கணக்கு சரி. நிலத்துக்கும் அதே மாதிரி இரண்டு கணக்கு இருக்கிறது.

வருவாய்த்துறை வைத்திருப்பது பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு, புலப்படம். யார் பேரில் நிலம் இருக்கிறது, எவ்வளவு பரப்பு, நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதை இவை சொல்லும்.

பதிவுத்துறை வைத்திருப்பது பத்திரமும் வில்லங்கச் சான்றும். ஈ.சி. என்று சொல்கிறோமே, அதுதான் வில்லங்கச் சான்று. யார் யாருக்கு விற்றார், யார் அடமானம் வைத்தார் என்பதை இது சொல்லும்.

"பத்திரம் பக்காவா இருக்குக்கா, பட்டாவை அப்புறம் மாத்திக்கலாம்" என்று சொன்னால், பாஸ்புக்கைக் காட்டாமல் தீர்மானப் புத்தகத்தை மட்டும் காட்டுவது போலத்தான். இரண்டையும் கேளுங்கள்.

முதலில் வரைபடம்

தமிழ்நாடு அரசின் மின் ஆளுமை முகமை 'தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பு' என்ற வரைபடத்தை நடத்துகிறது. டி.என்.ஜி.ஐ.எஸ். என்று தேடினால் வரும். மேலேயிருந்து எடுத்த செயற்கைக்கோள் படத்தின் மேல் ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லைக்கோடும் வரையப்பட்டிருக்கும். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் கொடுத்தும் தேடலாம். அந்த இடத்தில் நின்றுகொண்டு போனில் இருப்பிடத்தை ஆன் செய்து, படத்தில் அந்த வயலைத் தொட்டும் பார்க்கலாம். சர்வே எண், பரப்பு எல்லாம் வரும். அங்கிருந்தே பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் போன்றவற்றுக்கும் போகலாம்.

இதில் நமக்கு என்ன லாபம்? புரோக்கர் நம்மை ஒரு இடத்தில் நிற்கவைத்து, நோட்டீஸில் வேறு சர்வே எண் போட்டிருக்கலாம். ரோட்டோர மனையைக் காட்டி, உள்ளே பள்ளத்தில் இருப்பதைப் பத்திரம் போட்டுக் கொடுக்கும் வேலை ரொம்பப் பழசு. நிற்கும் இடத்தின் எண்ணும் நோட்டீஸில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம். பக்கத்தில் ஏரி, ஓடை, மேய்க்கால் இருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும்.

பிறகு பட்டாவும் 'அ' பதிவேடும்

அரசின் இ-சர்வீசஸ் என்ற நிலப்பதிவு இணையதளத்தில் இவை இருக்கின்றன. பட்டா பார்க்க நம் போன் எண்ணைக் கொடுத்தால் ஓ.டி.பி. வரும். அதைப் போட்டால் திறக்கும். அரசுப் புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அதே தளத்தில் தனி வழி உண்டு.

நம்ம பகுதிக்காரர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று:

1. மாவட்டம். நாட்றம்பள்ளி தாலுகா 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. வேலூரில் தேடினால் கிடைக்காது. பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். 1989-ல் அந்த மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததால் வந்த மாற்றம் அது. சர்வே எண்ணும் கிராமப் பெயரும்தான் முக்கியம்.

2. ஊரகமா, நத்தமா, நகர்ப்புறமா என்று கேட்கும். வயல், தோட்டம் என்றால் ஊரகம். ஊருக்குள் குடியிருப்பு இடம் என்றால் பெரும்பாலும் நத்தம். ஒன்றில் வராவிட்டால் அடுத்ததில் தேடுங்கள்.

3. பரப்பளவு. பட்டாவில் சென்ட் இருக்காது, ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், நம்ம கணக்கில் சுமார் 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் பன்னிரண்டரை ஏர், அதாவது ஏறக்குறைய 31 சென்ட். 1,200 சதுர அடி மனை என்பது சுமார் இரண்டே முக்கால் சென்ட். 31 சென்ட் உள்ள நிலத்தில் ரோடும் விட்டு இப்படி 20 மனை விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கூட்டிப் பாருங்கள். 20 மனைக்கே 55 சென்ட் வேண்டும்!

'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையைக் கட்டாயம் பாருங்கள். புறம்போக்கு, ஏரி, ஓடை, மேய்க்கால் என்று இருந்தால் அந்த இடத்தை விற்க எந்தத் தனியாருக்கும் உரிமை இல்லை. ஆதிதிராவிட மக்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைத்த பஞ்சமி நிலத்தையும் மற்றவர்கள் வாங்க முடியாது.

மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண்ணையும் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்பனை பதிவான அங்கீகாரமில்லாத மனைகளுக்காகத்தான் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. புதிதாகப் போட்ட அங்கீகாரமில்லாத மனையை "அப்புறம் அப்ரூவல் வாங்கிக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மூன்றாவது வில்லங்கம்

பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளம் 2018 பிப்ரவரி முதல் நடக்கிறது. பதிவு அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைக் கொடுத்தால் வில்லங்கத்தைப் பார்க்கலாம். சும்மா பார்ப்பதற்குக் காசு இல்லை. சான்றிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். அரசு வழிகாட்டி மதிப்பும் இதே தளத்தில் இருக்கிறது.

ஈ.சி.யில் விற்பனை, தானம், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் வரிசையாக வரும். கடைசியாக யார் பேருக்கு வந்திருக்கிறதோ அவர்தான் நமக்கு விற்க வேண்டும். அடமானம் இருந்து, அது தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு இல்லையென்றால் கடன் இன்னும் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஈ.சி.யில் வராதவையும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தம் வராது. பத்திரத்தைத் தனியாரிடம் சும்மா கொடுத்து வாங்கிய கைமாற்று வராது. பதிவாகாத உயில் வராது. அதனால் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வரைபடத்தில் இருந்தால் போதுமா?

போதாது. படத்தில் தெரியும் கோடு இரண்டு மூன்று மீட்டர் தள்ளியும் இருக்கலாம். "படத்துல என் பக்கம்தான் காட்டுது" என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். எல்லைத் தகராறு என்றால் முறைப்படி மனு கொடுத்து, அரசு சர்வேயர் புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டால்தான் செல்லும்.

பதிவிலேயே தப்பு இருக்கவும் வாய்ப்பு உண்டு. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமைப் பதிவுகளைச் சரிசெய்யும் யு.டி.ஆர். திட்டம் நடந்தது. அதில் பல இடங்களில் ஒருவர் நிலம் இன்னொருவர் பேரில் ஏறியது, பங்குதாரர் பெயர் விடுபட்டது. அந்தப் பதிவுகள்தான் பிறகு கம்ப்யூட்டருக்குப் போயின. கம்ப்யூட்டர் தப்பைத் திருத்தாது, உள்ளதை உள்ளபடி காட்டும். இப்படித் தப்பு தெரிந்தால் பழைய பத்திரத்தோடு வருவாய்த்துறையில் மனு கொடுத்துத் திருத்தலாம். தப்பு இருக்கிறது என்று தெரிவதற்கே முதலில் பார்க்க வேண்டுமல்லவா?

நம்ம பெயர் எங்கே?

வாங்கப்போகும் மனையை மட்டுமல்ல, ஏற்கெனவே இருக்கும் நிலத்தையும் பாருங்கள். அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி பெயரில் மட்டும் பட்டா மாறியிருக்கலாம். வீட்டுக்காரர் இறந்து வருஷங்கள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே கிடக்கலாம். அப்படிப்பட்ட நிலத்தை வைத்து வங்கிக் கடனோ அரசு உதவியோ கேட்டுப் போனால் திரும்பித்தான் வர வேண்டியிருக்கும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொந்த சம்பாத்தியத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில், அப்போது கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்கு 1989-லேயே தமிழ்நாட்டுச் சட்டம் உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய சட்டத் திருத்தம், கல்யாணமான மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்த சொத்துக்கு இது பொருந்தாது. முஸ்லிம், கிறிஸ்தவ சகோதரிகளுக்குச் சட்டம் வேறு. அவற்றிலும் மகளுக்கும் மனைவிக்கும் பங்கு உண்டு.

"சும்மா ஒரு கையெழுத்துதான்மா" என்று பதிவு ஆபீசுக்குக் கூப்பிட்டால், அது விடுதலைப் பத்திரமா என்று கேளுங்கள். அதில் கையெழுத்துப் போட்டால் பங்கு போய்விடும். அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் எவ்வளவு நிலம், என்ன மதிப்பு என்று பார்த்துவிட்டு, தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

புதிதாக வாங்கும்போது பெண் பெயரில் பதிந்தால் ஒரு சலுகையும் உண்டு. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு 2025 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கிறது. 6 லட்சம் மதிப்பு என்றால் 6,000 ரூபாய் மிச்சம்.

நாமும் பார்க்கலாம், மற்றவரும் பார்க்கலாம்

பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 'பூமி' என்ற திட்டம் 2000-களின் தொடக்கத்திலேயே நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றி, தாலுகா மையங்களில் 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தது. அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் எந்த மனையைத் தொட்டாலும் அதன் விவரத்தைக் காட்டும் வரைபடத்தை மாநகராட்சியே இலவசமாக வைத்திருக்கிறது. இப்படித் திறந்து வைப்பது நல்லதுதான். ஆனால் நம் நிலம் யார் பெயரில் இருக்கிறது, எது வாரிசுப் பெயர் மாறாமல் கிடக்கிறது என்பதைப் புரோக்கரும் பார்க்கலாம். அவர் பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்த்துவிட வேண்டும். போனுக்கு வரும் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

• நன்றாகப் போன் பார்க்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவரையோ, படிக்கும் பிள்ளை ஒருவரையோ கூட்டத்துக்கு அழையுங்கள். ஊக்குநர் அக்கா தன் நிலத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து முதலில் பார்க்கட்டும்.

• ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள பத்திரத்திலிருந்து கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் இல்லாதவர்கள் அந்தத் தாளோடு இ-சேவை மையத்துக்குப் போகலாம்.

• பெயர், சர்வே எண், பரப்பு மூன்றும் பட்டாவிலும் பத்திரத்திலும் ஈ.சி.யிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒத்துவராததைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் மனு எழுத உதவி செய்வோம்.

• மனை வாங்கக் குழுக் கடன் கேட்கும் உறுப்பினர், இந்த மூன்றையும் கூட்டத்தில் காட்டிய பிறகே கடன் கொடுப்பது என்று தீர்மானம் போடுங்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது பன்னிரண்டு பேர் கண்ணுக்குத் தப்பாது.

நினைவில் கொள்வோம்: வரைபடத்தில் இடத்தைப் பார், பட்டாவில் பெயரைப் பார், ஈ.சி.யில் கடனைப் பார். மூன்றும் ஒத்துப்போகும் வரை முன்பணம் முந்தானையிலேயே இருக்கட்டும்.