மிதிவண்டியும் வணக்கமும்

நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலைக் கடந்து செல்வோரை மாணவச் செல்வங்கள் நாள்தோறும் கண்டிருப்பீர்கள். சிலர் மோட்டார் சைக்கிளின் வேகத்தைக் குறைத்து நெஞ்சில் கை வைப்பர். வயது முதிர்ந்தோர் மிதிவண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, கைகூப்பி நின்ற பின்னரே செல்வர். இறங்குமாறு அவர்களுக்கு எவரும் கட்டளை இடுவதில்லை. இறங்காதவரை எவரும் தண்டிப்பதும் இல்லை.

இதே இறங்குதல் ஒரு காலத்தில் வேறு பொருளிலும் நிகழ்ந்தது. நம் பந்திங்கிற்கு அண்மையிலுள்ள கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், 1941 ஆம் ஆண்டில், பால்மரத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். ஊதியம் உயர வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். இவற்றோடு இன்னொன்றையும் கேட்டனர். வெள்ளைக்காரத் துரைமாரின் முன்னிலையிலும் ஆசியப் பணியாளர் முன்னிலையிலும் மிதிவண்டியில் அமர்ந்து செல்லத் தங்களுக்கு அனுமதி வேண்டும் என்பதே அது.

இதை முதன்முறை படிப்பவருக்கு வியப்பு உண்டாகலாம். அரை வயிற்றுக் கஞ்சி குடிப்பவன் கூலியைப் பற்றிப் பேசுவான்; மிதிவண்டியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஆனால் வயிற்றுப் பசியைப் பொறுத்துக்கொள்பவனும், தன் மகன் பார்த்திருக்கத் தான் தாழ்த்தப்படுவதைப் பொறுப்பதில்லை. கோயிலின் முன் இறங்குகிறவன் தன்னிடமுள்ள அன்பிலிருந்து ஒன்றைக் கொடுக்கிறான். துரையின் முன் இறங்கியவனிடமிருந்து ஒன்று பறிக்கப்பட்டது. கால் தரையில் படுவது இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

அக்கோரிக்கையில் 'ஆசியப் பணியாளர்' என்னும் சொல்லைக் கடந்து போக நம்மால் இயலவில்லை. கிராணிமாருள்ளும் தண்டல்மாருள்ளும் நம் மொழி பேசியவர்கள், நம் சாமியைக் கும்பிட்டவர்கள் இருந்தனர். திருவிழாவில் அருகருகே நின்று திருநீறு பூசிக்கொண்டவர்களுள் ஒருவர், மறுநாள் காலையில் சடக்கில் மற்றவரை இறங்க வைத்தார். எல்லாக் குற்றத்தையும் வெள்ளைக்காரர் தலையில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக உறங்க முடியாது. தமிழகத்திற்கு அருகே வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கலாகாது என்று தடுத்தவர்களும் பக்திமான்களே. அதை எதிர்த்து 1924 இல் தொடங்கிய போராட்டத்தில் பெரியார் சிறை சென்றார். திருவிதாங்கூரில் கோயிற் கதவுகள் அனைவருக்கும் திறக்க 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறர் குற்றத்தைச் சொன்ன நாம் நம் குற்றத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் பயிற்சியை முடித்து ஒரு தோட்டப் பள்ளியில் முதன்முதலாகப் பணியேற்றோம். அங்கு ஓய்வு பெற்ற முதிய தொழிலாளி ஒருவர், நம்மை எதிரே கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி, தலைத்துண்டை எடுத்து நிற்பார். கல்விக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணி உள்ளுக்குள் மகிழ்ந்தோம். ஒரு நாள் நல்ல மழை. பின்னிருக்கையில் அவருடைய பேத்தி. நம்மிடம் முதலாம் ஆண்டில் பயின்ற சிறுமி. அன்றும் அவர் இறங்கினார். தாத்தா இறங்கியதைக் கண்டு அக்குழந்தையும் இறங்கிச் சேற்றில் நின்றது. நாம் குடையின்கீழ் நின்று தலையசைத்துவிட்டு நடந்தோம். சில ஆண்டுகள் கழித்துக் கிள்ளான் போராட்ட வரலாற்றைப் படித்தபோதுதான் அக்குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. "இறங்க வேண்டாம் ஐயா" என்னும் சொற்கள் அன்று நம் வாயில் எழவில்லை. அப்பெரியவர் இப்போது இல்லை.

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. துரைமாரும் போய்விட்டனர். ஆனால் மிதிவண்டியில் வருகின்ற எளியவர் போகவில்லை. நம் பள்ளியருகே புல் வெட்ட வரும் வங்காளதேசத் தொழிலாளியை மாணவர் சிலர் கேலிப் பெயரிட்டுக் கூவியழைத்ததை இவ்வாண்டு நம் காதால் கேட்டோம். அவர்களுள் இருவர் நன்னெறிக் கல்வித் தேர்வில் சிறந்த புள்ளி பெற்றவர்கள்! விடைத்தாளைத் திருத்தியவர் நாமே என்பதால் நன்கு அறிவோம்.

இது குறித்துப் பேசியபோது ஒரு தந்தையார், "சார், இவர்கள் வந்ததால்தானே எங்கள் சம்பளம் ஏறவில்லை?" என்று கேட்டார். அவருடைய மனவருத்தம் பொய்யன்று; அதை நாம் தள்ளிவிடவில்லை. எனினும் 1941 இல் நம் முன்னோர் கேட்டதை அவருக்கு எடுத்துக் கூறினோம். சீனத் தொழிலாளர் அவர்களைவிடக் கூடுதலாக ஊதியம் பெற்றனர். சீனருடைய ஊதியத்தைக் குறையுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. தங்களுக்கும் அதற்கு ஈடாகத் தரவேண்டும் என்றே கேட்டனர். கூலியை நிர்ணயிப்பவரிடம் வழக்காடினர். பக்கத்தில் வியர்வை சிந்தியவரிடம் அன்று. தந்தையார் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சிந்திப்பதாகக் கூறிச் சென்றார்.

கேலி செய்த மாணவர்களை நாம் அடிக்கவில்லை. அத்தொழிலாளியின் பெயரைக் கேட்டு வருமாறு மட்டும் அனுப்பினோம். தயங்கித் தயங்கிச் சென்றவர்கள் வெகு நேரம் கழித்தே திரும்பினர். பெயரோடு ஊரையும் கேட்டு வந்திருந்தனர். அவருக்கு ஒரு மகள் உண்டாம். அவளும் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாளாம். கணக்குப் பாடம் அவளுக்குச் சற்றுக் கடினமாம்.