முற்றத்துக்கு வரும் பறவையை விரட்டுமுன் அடையாளம் காணுங்கள்

மணிலா விதைத்த நாள் முதல் நெல் அறுக்கும் நாள் வரை, வயலில் பறவை உட்கார்ந்தாலே தகரத்தைத் தட்டி விரட்டுவது பல இடங்களில் வழக்கம். விதையைப் பொறுக்கும் பறவையும் வயலுக்கு வருகிறது. பயிரைத் தின்னும் புழுவைப் பொறுக்கும் பறவையும் அதே வயலுக்கு வருகிறது. இரண்டையும் ஒன்றாக விரட்டினால், புழுவுக்கு மருந்து அடிக்கும் செலவு விவசாயியின் தலையில்தான் விழும். எனவே, எந்தப் பறவை என்ன தின்கிறது என்று தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு அல்ல. அதுவும் பயிர்ப் பாதுகாப்பில் ஒரு வேலையே.

இதற்கு ஒரு நாடே கொடுத்த விலை உண்டு. சீனாவில் 1958-ல் எலி, ஈ, கொசு, சிட்டுக்குருவி ஆகிய நான்கையும் ஒழிக்க இயக்கம் நடத்தினார்கள். குருவி தானியம் தின்கிறது என்பது அதன்மேல் இருந்த குற்றச்சாட்டு. அது உண்மையும்கூட. ஆனால் அதே குருவி தன் குஞ்சுகளுக்குப் பூச்சியையும் புழுவையும் ஊட்டுகிறது என்பதைத் திட்டம் போட்டவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. குருவிகள் அழிந்தபின் பூச்சிகள் பெருகின. 1960-ல் அந்தப் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே செம்மங்குப்பம் போன்ற ஊர்களில் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரமோ முருங்கையோ இருக்கும். சிறிது தள்ளி வயல் இருக்கும். வயலுக்கு வரும் பறவைகளில் பல வீட்டு முற்றத்துக்கும் வருகின்றன. ஆகவே பாடத்தை முற்றத்திலேயே தொடங்கலாம்.

தண்ணீரும் தீனியும்

வாய் அகன்ற ஒரு மண் சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வையுங்கள். சிறிய குருவி அந்தக் கல்லின்மேல் நின்று குடிக்கும். தண்ணீரைத் தினமும் மாற்றிச் சட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். ஒரு பறவையின் நோய் மற்றதற்கும் பரவும். கோழிகள் குடிக்கும் தண்ணீருடன் இதைச் சேர்க்கக் கூடாது.

தீனிக்கு ஒரு கைப்பிடி நொய்யோ கம்போ போதும். பறவைகள் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவே வையுங்கள். மீதியைப் பெருக்கி எடுக்காவிட்டால் இரவில் எலி வரும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த பலகாரம் வேண்டாம். பூஞ்சாணம் பிடித்த மணிலாப் பருப்பைக் கட்டாயம் வைக்கக் கூடாது. அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு கால்நடைகளைப் போலவே பறவைகளையும் பாதிக்கும். பூனை பதுங்கும் புதர் அருகில் இல்லாத இடமாகப் பாருங்கள். கதிர் முற்றும் காலத்தில் வயல் ஓரத்தில் தீனி வைக்காதீர்கள்.

தண்ணீர்ச் சட்டிக்கு எல்லாப் பறவைகளும் வரும். தானியத்துக்குச் சில மட்டுமே வரும். தண்ணீர் குடித்துவிட்டுத் தானியத்தைத் தொடாமல் பறந்துபோகும் பறவைகளைக் குறித்து வையுங்கள். அவற்றில் பல பூச்சி தின்பவை.

படம் பிடிக்கும் முறை

இப்போது பல வீடுகளில் கேமரா உள்ள செல்போன் இருக்கிறது. பறவையின் அருகே நடந்துபோனால் அது பறந்துவிடும். எனவே சட்டியை ஜன்னலிலிருந்து பத்து அடி தூரத்தில் வைத்துவிட்டு, உள்ளே அசையாமல் உட்காருங்கள். காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர் வெயிலில் எடுத்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும். போனில் அதிகம் பெரிதாக்கி எடுத்தால் படம் கலங்கிவிடும். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துப் பிடித்தால் கை நடுக்கம் தெரியாது.

ஒரே படத்தோடு நிறுத்தாமல், பக்கவாட்டில் அலகு தெரிய ஒன்று, வால் தெரிய ஒன்று, கால் தெரிய ஒன்று என மூன்றாவது எடுங்கள். சட்டியின் பக்கத்தில் ஒரு செங்கல் இருந்தால், படத்தைப் பார்க்கும்போது பறவையின் அளவு புரியும். கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது அருகில் சென்று படம் எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடலாம். காகமும் கூட்டைக் கண்டுகொள்ளும்.

தமிழகத்தின் புகழ்பெற்ற இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். நிறம் இல்லாத படத்திலும் உருவத்தையும் அலகையும் வாலையும் நிற்கும் தோரணையையும் கொண்டு பறவையை அறியலாம். நிறத்தை மட்டும் நம்புகிறவர்தான் பெரும்பாலும் ஏமாறுவார்.

ஐந்து கேள்விகள்

1. அளவு என்ன? சிட்டுக்குருவி, மைனா, காகம் ஆகிய மூன்றையும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. அலகு எப்படி? குட்டையாகத் தடித்திருந்தால் தானியம் உடைக்கும் அலகு. மெல்லியதாகக் கூர்ந்திருந்தால் பெரும்பாலும் பூச்சி பிடிக்கும் அலகு. நீண்டு வளைந்திருந்தால் மண்ணைக் கிளறும் அலகு.

3. வால் எப்படி? குட்டையா, நீளமா, நுனி பிளந்ததா?

4. தனி அடையாளம் என்ன? கண்ணைச் சுற்றி மஞ்சள், வாலடியில் சிவப்பு, இறக்கையில் வெள்ளை என ஏதாவது இருக்கும்.

5. என்ன செய்கிறது? சிட்டுக்குருவி தத்தும், மைனா நடக்கும். சில கூட்டமாக வரும். சில கம்பியில் தனியே உட்காரும்.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகளும் உண்டு. இந்தியப் பறவைகளின் தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலும் அது வேலை செய்யும். ஆனால் செயலி சொன்ன பெயரை இந்த ஐந்து கேள்விகளோடு ஒத்துப் பார்த்தே ஏற்க வேண்டும்.

அடிக்கடி ஏமாற்றும் பறவைகள்

கறுப்புப் பறவைகள்: மைனாவைவிடச் சற்று நீண்டு, வால் நுனி இரண்டாகப் பிளந்து கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது கரிச்சான். இரட்டைவால் குருவி என்பதும் இதுவே. இது பறக்கும் பூச்சியையும் வெட்டுக்கிளியையும் புழுவையும் பிடிக்கும். தன் கூட்டருகே வரும் காகத்தையும் துரத்தும். கண் சிவந்து, வால் பிளவில்லாமல் இருந்தால் ஆண் குயில். உடல் கறுத்து, இறக்கை செம்பழுப்பாக, தரையில் மெல்ல நடந்தால் செம்போத்து. இது பூச்சி, நத்தை, எலிக்குஞ்சு ஆகியவற்றைத் தின்னும்.

கொண்டலாத்தி: தலையில் விசிறிபோல் கொண்டை, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. இதைப் பலர் மரங்கொத்தி என்கிறார்கள். மரங்கொத்தி மரத்தில் ஒட்டி நின்று கொத்தும். கொண்டலாத்தி தரையில் நடந்து நீண்ட அலகால் மண்ணைக் குத்தும். அது எடுப்பது விதையை அல்ல. மண்ணுக்குள் இருக்கும் புழுவையும் கூட்டுப்புழுவையும்தான்.

பனங்காடையும் மீன்கொத்தியும்: இரண்டிலும் நீலம் உண்டு. மீன்கொத்தியின் அலகு நீண்டு சிவந்திருக்கும். பனங்காடையின் அலகு கறுப்பு. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும், பறந்தால் இறக்கையில் நீலம் பளிச்சிடும். வெட்டுக்கிளி இதன் முக்கிய உணவு.

சிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, சில்லை: பெண் சிட்டுக்குருவியும் பெண் தூக்கணாங்குருவியும் ஒன்றுபோல் இருக்கும். தூக்கணாங்குருவிக்கு வால் குட்டை, அலகு தடிப்பு, முதுகில் கோடுகள். சில்லை இரண்டையும்விடச் சிறியது. கூட்டமாக வந்து கதிரில் தொங்கும். பால் பிடிக்கும் நெல்லில் கவனிக்க வேண்டியவை சில்லையும் தூக்கணாங்குருவியுமே.

வெள்ளைக் கொக்குகள்: மாட்டின் பின்னாலும் ஏரின் பின்னாலும் வரும் உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். அலகும் காலும் கறுத்து, விரல்கள் மட்டும் மஞ்சளாக இருந்தால் அது சின்னக் கொக்கு. உழும்போது வரும் உண்ணிக்கொக்கையும் மைனாவையும் விரட்டவே கூடாது. ஏர் புரட்டிப்போடும் புழுக்களைப் பொறுக்கத்தான் அவை வருகின்றன.

அடையாளம் தெரிந்தபின் வயலில் செய்ய வேண்டியவை

கரிச்சான், பனங்காடை, மைனா ஆகியவை உட்கார இடம் இருந்தால்தான் வயல் நடுவில் வேட்டையாடும். மணிலா, உளுந்து, நெல் வயல்களில் ஏக்கருக்கு 15 முதல் 20 வரை பறவைத் தாங்கிகள் நடலாம். ஒரு கம்பின் தலையில் குறுக்குக் குச்சி கட்டிப் பயிரைவிட ஓர் அடி உயரமாக நட்டால் போதும். சவுக்கு மிலாறு வீட்டிலேயே இருந்தால் காசுச் செலவு இல்லை. அதே தாங்கியில் இரவில் ஆந்தையும் கூகையும் உட்கார்ந்து எலி பிடிக்கும்.

நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் தாங்கிகளைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தானியம் தின்னும் பறவைகள் அதில் உட்கார்ந்து கதிருக்கு இறங்கும். அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் காவல் இருங்கள். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் மின்னி ஓசையிடும். பக்கத்து வயல்காரர்களோடு ஒரே சமயத்தில் நடவு செய்வதும் நல்லது. முந்தியோ பிந்தியோ தனியாக முற்றும் வயலில்தான் சேதம் அதிகம். மணிலாவுக்கு விதைத்ததிலிருந்து முதல் பத்து நாள் காவலே முக்கியம். அப்போது விதையையும் முளையையும் தேடி வருபவை காகமும் மயிலும்.

கூகை வீட்டருகே அலறினால் கேடு என்று நம்பி அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதய வடிவ வெள்ளை முகம் கொண்ட அந்தப் பறவை இரவெல்லாம் எலியைத் தேடும் கூலியில்லாக் காவலாளி. புரோமடையலோன் போன்ற மருந்தைத் தின்ற எலியைக் கூகை தின்றால், மருந்து கூகையின் உடலிலும் சேரும். மருந்து வைத்த வயலில் செத்துக் கிடக்கும் எலிகளை அன்றே பொறுக்கிப் புதைத்துவிடுங்கள்.

எவ்வளவு சேதம் செய்தாலும் தானியத்தில் விஷம் கலந்து தூவக் கூடாது. அது சேதம் செய்யாத பறவையையும், வீட்டுக் கோழியையும் கொல்லும். மயில், கிளி, ஆந்தை ஆகியவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் அப்படியே.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், பறவையின் பெயர், அது தின்றது, அப்போது வயலில் பயிரின் வயது ஆகிய ஐந்தையும் எழுதி வரச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் படத்தின் எண்ணை எழுதட்டும். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்யும் இந்த வேலையில் யாரும் சேரலாம். உங்கள் முற்றமும் அதற்கு ஏற்ற இடமே.

ஒரு போகம் முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எந்த வாரத்தில் எந்தப் பறவைக்குக் காவல் இருக்க வேண்டும், எந்த வாரத்தில் தகரத்தை மூலையில் வைத்துவிட்டுப் பறவைக்கு வேலையை விட்டுவிடலாம் என்பது உங்கள் வயலின் கணக்காகவே அதில் இருக்கும்.