வருகையின் நாளும் வாய்க்காலின் இரண்டு கரைகளும்

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

அப்பாவை அடக்கம் செய்த துக்கம் ஆறுவதற்குள், சம்பா நடவுக்கு ஆள் தேடி அலைகிற நேரத்தில், இத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஆண்டவருடைய வருகை எப்போது, அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு அவசரம் இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஊரில் கூட்டம் நடத்திய ஊழியக்காரர் புயலையும் கொரோனாவையும் வரிசையாக அடுக்கி, இன்னும் சில வருஷங்கள்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார், அதைக் கேட்ட தம்பி இருக்கிற நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். விற்கவேண்டாம் என்று சொல்லுங்கள். நம் பக்கத்தில் இந்தக் கணக்கு புதிதல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியிலும் நாகையிலும் தரங்கம்பாடியிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப் போட்டது. இப்படி ஏதாவது நடந்துவிட்டால் கடைசிக் காலம் என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவளிடம் போய் இதை அடையாளம் என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்? எனக்கு அது பொறுக்கவில்லை. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும், தூதர்களுக்கும் தெரியாது, தமக்கும் தெரியாது என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அவருக்கே தெரியாததை நோட்டீஸ் அடித்துக் கொடுக்க யாருக்கு அதிகாரம்? தெசலோனிக்கேயில் வருகையைப் பற்றிய பரபரப்பு இருந்தபோது வேலை செய்யாமல் சுற்றித் திரிந்தவர்களைப் பவுல் கண்டித்தார், உழைத்துச் சாப்பிடச் சொன்னார். தம்பியை, தெசலோனிக்கேயருக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

இனி அப்பா. கிறிஸ்துவுக்குள் மரித்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ‘பரலோகம் போய்விட்டார்’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்களே, திருச்சபையின் நம்பிக்கை அதோடு முடிவதில்லை. ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது, சரீரம் உயிர்த்தெழும் என்றும் அறிக்கையிடுகிறோம். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரங்களைத் திறந்து பாருங்கள். அங்கே ஜனங்கள் மேலே ஏறிப் போவதில்லை. நகரம்தான் கீழே இறங்கி வருகிறது. தேவன் மனுஷரோடு வந்து குடியிருக்கிறார். கடல் இல்லாமல் போகிறது, மரணம் இல்லாமல் போகிறது, ஆறு ஓடுகிறது, பகல் முழுதும் வாசல்கள் அடைபடுவதில்லை, அங்கே இரவும் கிடையாது.

அந்த நகரத்தின் பெயரைத்தான் தரங்கம்பாடியில் ஆலயத்துக்கு வைத்திருக்கிறார்கள், புதிய எருசலேம் என்று. மிஷனெரி சீகன்பால்க் அதைக் கட்டி 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்தார். அடுத்த பிப்ரவரியில், நாற்பது வயது ஆகுமுன்பே இறந்துபோனார். அவரை அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். வாசலுக்கு எதிரே நின்று முகப்பை அண்ணாந்து பார்த்தால் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடரிக்கின் முத்திரை எழுத்தும் கிரீடமும் தெரியும். அந்த ராஜாவின் தளபதிதான் 1708இல் சீகன்பால்க்கைக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தவர். தரங்கம்பாடியை 1620இல் டேனியருக்குக் கொடுத்த ரகுநாத நாயக்கரின் வம்சம் போய்விட்டது. டேனியர் 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். தஞ்சை மராட்டியரின் அரசு 1855இல் வாரிசு இல்லை என்று முடிந்தது. ஆங்கிலேயரும் போனார்கள். உம்முடைய ராஜ்யம் வரவேண்டும் என்கிற ஜெபம் மட்டும் அந்த ஆலயத்தில் தமிழில் இன்றும் ஏறெடுக்கப்படுகிறது.

சரீரம் எப்படி எழும் என்று கேட்டிருந்தீர்கள். கொரிந்து சபையாரும் இதையே கேட்டார்கள். பவுல் விதையைக் காட்டினார். நாற்றங்காலில் இளநாற்று ஒன்றைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரும் தண்டும் சேரும் இடத்தில் பழைய விதைநெல்லின் உமி ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் பிரித்தால் உள்ளே ஒன்றும் இராது, அரிசி முழுவதும் பயிராகப் போயிருக்கும். விதைத்த நெல்லின் சாயல் பயிரில் இல்லை, ஆனால் அந்த நெல்தான் இந்தப் பயிர். இதற்குமேல் பவுலும் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. அவர் மீன் வாங்கிச் சாப்பிட்டார், கரையில் நெருப்பு மூட்டிச் சீஷர்களுக்குக் காலைச் சாப்பாடும் கொடுத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன உங்கள் அப்பாவின் கையையும் தேவன் மறக்கவில்லை என்று நான் விசுவாசிக்கிறேன்.

இந்த விசுவாசத்தோடுதான் உங்கள் கடிதத்தின் நடுவில், போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஆலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ‘எங்கள் ஆட்களுக்கு’ ஒதுக்கிய தோட்டத்தில்தான் அப்பாவை வைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குறையாகக்கூடச் சொல்லவில்லை. ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டீர்கள். என்னால் விடமுடியவில்லை.

இது பழைய பாவம். புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே வேளாளரும் பறையரும் இடைவெளி விட்டுத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்த ராஜநாயக்கன் என்ற பறையர், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷம் கைக்கு வந்து அதை வாசித்தே லுத்தரன் சபைக்கு வந்தவர். பிறகு உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் சபைகளைக் கட்டினார். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் இந்திய லுத்தரன் குருவானார். ராஜநாயக்கனுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. பறையர் கையால் மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்று அது நின்றுபோனது. கடைசிவரை அவர் உபதேசியார்தான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவரே நின்றது. அதை இடிக்கச் சொல்லி நம் காலத்தில் போராடவேண்டியிருந்தது.

எக்காளம் தொனிக்கும்போது எல்லாரும் ஒன்றாக எழுவோம் என்று பாடுகிறவர்கள், அதுவரை ஒன்றாகப் படுத்திருக்க மாட்டோம் என்கிறார்கள். வருகையை விசுவாசிக்கிறவர் யார் என்று எனக்குக் காட்டுவது கல்லறைத் தோட்டம்தான். கர்த்தர் வருகிற நாளில் வாய்க்காலின் இரண்டு கரைகளுக்கும் தனித்தனியாக வரமாட்டார்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு உங்கள் ஊருக்கு வருகிறேன். அப்பாவின் கல்லறையில் உங்களோடு நின்று ஜெபிக்கவேண்டும். அதற்கு முன்பே சபைச் சங்கத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். இனி சபையில் யார் இறந்தாலும் ஆலயத் தோட்டத்தில் அடுத்து எந்த இடம் காலியோ அங்கேதான் அடக்கம் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் கையெழுத்து வாங்குங்கள், தம்பியையும் போடச் சொல்லுங்கள். ஆலயத் தெருவிலும் கையெழுத்துப் போட மனமுள்ள இரண்டு பேராவது இருப்பார்கள், அவர்களை நான் வந்து பார்க்கிறேன். மனுவின் நகல் ஒன்றை ஆயருக்கும் ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரன்