தாயின் மனநலமும் சேயின் வளர்ச்சியும்

குழந்தை நலத் திட்டங்களை மதிப்பிடும்போது நாம் பெரும்பாலும் வழங்கப்பட்ட பொருள்களையே கணக்கிடுகிறோம். சத்துமாவின் அளவு, தடுப்பூசிகளின் எண்ணிக்கை, மையங்களின் எண்ணிக்கை ஆகியவை நம் அறிக்கைகளை நிரப்புகின்றன. ஆனால் மையத்திலிருந்து வீட்டுக்குச் சென்ற சத்துமாவு குழந்தையின் எடையாக மாற வேண்டுமாயின், அதை நாள்தோறும் பலமுறை பொறுமையுடன் ஊட்டும் கை ஒன்று வேண்டும். நம் இல்லங்களில் அப்பொறுப்பு பெரிதும் தாயையே சார்ந்துள்ளது. அரசின் உதவியைக் குழந்தையின் வளர்ச்சியோடு இணைக்கும் அக்கண்ணி மனச்சோர்வினால் தளருமாயின் விளைவு யாது, அதைத் தடுக்க நம்மிடம் உள்ள வழிகள் யாவை என்பவற்றை இங்கு காண்போம்.

நோயின் இயல்பு

மகப்பேற்றுக்குப் பின் சில நாள்கள் காரணமின்றி அழுகை வருவதும், மனம் அலைபாய்வதும் பல பெண்களிடம் காணப்படுபவை. இவை இரண்டு வாரங்களுக்குள் தாமாகவே நீங்கிவிடும். மனச்சோர்வு நோய் இதனினும் வேறுபட்டது. இடைவிடாத துயரம், எதிலும் ஈடுபாடின்மை, குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வாராமை, பசியின்மை, தன்னால் குழந்தையைப் பேண இயலாது என்னும் குற்றவுணர்வு ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கும். சிலரிடம் தற்கொலை எண்ணமும் தோன்றலாம். இது சோம்பலோ பாசக்குறைவோ அன்று. சிகிச்சையால் குணமாகும் நோய்.

இந்தியாவில் 20,043 பெண்களைக் குறித்து நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழ் 2017-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன்படி மகப்பேறு அடைந்த பெண்களில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினர் இச்சோர்வுக்கு ஆளாகின்றனர்.

குழந்தைக்கு நேரும் பாதிப்பு

கோவாவின் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் நடந்து 2003-இல் வெளியான ஆய்வு இத்துறையில் முக்கியமானது. அதில் 171 தாய்-சேய் இணைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டன. பேறுகாலத்திற்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்களில் 37 தாய்மாரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. ஆறாம் மாதத்தில், சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகளில் 30 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தனர். மற்றத் தாய்மாரின் குழந்தைகளில் இது 12 விழுக்காடே. வயதிற்கேற்ற உயரம் இல்லாதோர் முறையே 25, 8 விழுக்காட்டினர். மனவளர்ச்சி அளவீடுகளிலும் வேறுபாடு தென்பட்டது. வேலூர் மாவட்டத்துக் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வும், தாயின் மனச்சோர்வுக்கும் குழந்தையின் ஊட்டக்குறைவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

இத்தொடர்பு இரு வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, பராமரிப்பு வழி. சோர்வுற்ற தாய் பாலூட்டுவதை விரைவில் நிறுத்திவிடலாம். தடுப்பூசி நாளைத் தவறவிடலாம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தாமதிக்கலாம். இரண்டாவது, உறவு வழி. குழந்தை சிரித்தால் தாய் சிரிப்பதும், மழலைக்கு மறுமொழி கூறுவதும் மொழிக்கும் அறிவுக்கும் முதல் பாடங்கள். தாய் சில நிமிடங்கள் முகத்தை அசைவின்றி வைத்திருந்தால் கைக்குழந்தை முதலில் அவளை ஈர்க்க முயல்வதையும், பின் வருந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டிரானிக் 1970-களில் செய்த சோதனைகள் காட்டின. சில நிமிடங்களுக்கே இவ்வாறெனில், மாதக்கணக்கில் மறுமொழி குறைந்த சூழல் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். எனினும் இப்பாதிப்பு விதியன்று. தந்தை, பாட்டி முதலியோரின் அரவணைப்பும் உரிய காலத்துச் சிகிச்சையும் அதைப் பெரிதும் குறைக்கும்.

சமுதாயக் காரணங்கள்

இந்நோயின் வேர்கள் உடலில் மட்டும் இல்லை. பொருளாதார நெருக்கடியும், கணவன்-மனைவி உறவில் விரிசலும், பெண் குழந்தை பிறந்தமையும் சோர்வோடு தொடர்புடையவை எனக் கோவாவில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு கண்டது. அவ்வாண்டே வெளியான கணியம்பாடி ஆய்வு ஒன்றும் குறைந்த வருமானம், ஆண் மகவை விரும்பியபோது பெண் பிறத்தல், மாமியாருடன் பிணக்கு, வீட்டு வேலையில் உதவியின்மை ஆகியவற்றைச் சுட்டியது. எனவே, குழந்தையின் எடைக்குறைவுக்குத் தாயைக் குறைகூறுவது அறமும் அன்று, அறிவியலும் அன்று.

சிகிச்சையின் பயனும் எல்லையும்

மனநல மருத்துவர் இல்லாத ஊரிலும் இந்நோய்க்கு உதவ இயலும். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் 903 தாய்மாரிடம் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள் வீடு சென்று முறையான மனநல ஆலோசனை அளித்தனர். ஆறாம் மாதத்தில் அவ்வுதவி பெற்றோரில் 23 விழுக்காட்டினரும், பெறாதோரில் 53 விழுக்காட்டினரும் சோர்வுடன் இருந்தனர். உதவி பெற்றோரின் குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு குறைந்தது; தடுப்பூசி முழுமையடைந்தது. ஆனால் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை.

இம்முடிவு திட்டமிடுவோர் கருதத்தக்கது. உணவுக்கு மாற்றாக மனநலமோ, மனநலத்துக்கு மாற்றாக உணவோ அமையாது. பொருளாதாரத்தின் மொழியில் கூறினால், அவை ஒன்றையொன்று நிரப்பும் பண்டங்கள். ஒன்று குறைந்தால் மற்றதன் பயனும் குறையும்.

கையிலுள்ள வாய்ப்பு

1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நாடெங்கும் பரவியது. ஆயினும் 2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரமின்றி இருந்தனர். இதற்குக் காரணங்கள் பல; தாயின் மனநலம் அவற்றுள் நாம் குறைவாகக் கவனித்த ஒன்று.

இதனைக் கவனிக்கப் புதிய துறை எதுவும் தேவையில்லை. 2011-இல் தொடங்கிய வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு முறைப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீடு சென்று காண வேண்டும். 2018-இல் வந்த விரிவாக்கம் 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களின் வருகைகளைச் சேர்த்தது. ஆக, ஒன்றேகால் ஆண்டில் பதினொரு வருகைகள். இவற்றுள் 42-ஆம் நாள், கோவா ஆய்வு சோர்வைக் கண்டறிந்த ஆறாம் வாரத்தின் நிறைவேயாகும். குழந்தையின் எடையைக் குறிக்கும் பணியாளர், "கடந்த இரண்டு வாரங்களாக மனம் சோர்ந்திருக்கிறதா? எதிலும் விருப்பமின்றி இருக்கிறதா?" என்னும் இரு வினாக்களைத் தாயிடம் தனிமையில் கேட்கலாம். குழந்தையின் எடை ஏறாதபோது இவ்வினாக்கள் கட்டாயமாதல் வேண்டும்.

கேட்டபின் செல்லும் வழியும் திறந்திருத்தல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416 ஆகியவை அவ்வழியின் படிகள். தற்கொலை எண்ணத்தை வெளியிடும் தாயைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கும் மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கத்தக்க மருந்துகள் உள்ளன. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது என 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது.

பணியாளருக்கு ஏற்கெனவே சுமை மிகுதி என்பது மெய். ஆகவே, பயிற்சியும் உரிய ஊதியமும் தராமல் இவ்விரு வினாக்களை அவர்மீது ஏற்றுவது பயன் தராது. அவற்றை அளித்து, தாய்-சேய் நல அட்டையில் குழந்தையின் எடைக்கோட்டிற்கு அருகே தாயின் மனநிலைக்கும் ஓரிடம் ஒதுக்கினால், இதுவரை செலவிட்ட பொதுப்பணம் முழுப்பயன் தருவதற்கு அது துணைசெய்யும்.